பேங்க்: ஆற்றங்கரையும் அடகுக் கவுன்ட்டரும் ஒரே சொல்லுக்குள் வந்த கதை

காவிரி டெல்டாவில் ‘பேங்க்’ என்ற ஆங்கிலச் சொல் இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. நீர்வளத் துறைப் பொறியாளரின் வரைபடத்தில் ஆற்றின் ஒரு பக்கம் ‘லெஃப்ட் பேங்க்’, மறு பக்கம் ‘ரைட் பேங்க்’. கடைத்தெருவுக்கு வந்தால், குறுவைச் செலவுக்கு நகையை வைத்துப் பணம் வாங்கும் இடமும் பேங்க்தான். ஆற்றின் கரையும் பணம் புழங்கும் இடமும் எப்படி ஒரே நான்கெழுத்துச் சொல்லுக்குள் வந்தன?

ஒரே ஒலி, இரண்டு பொருள் என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் இந்தச் சொல்லைத்தான் சொல்லித் தருகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, தற்செயலாக ஒரே உருவம் அமைந்துவிட்டது என்று பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. இந்த இரண்டு பொருளும் ஆங்கிலத்துக்குள் வெவ்வேறு நூற்றாண்டில், வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்தவை என்பது உண்மை. ஆனால் இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால், பழைய ஜெர்மானிய மொழிகளின் ஒரே வேரில் போய் நிற்கும். அந்த வேருக்கு மொழியியலாளர்கள் தரும் பொருள்: மேடு. தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் மண். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது விளங்குகிற மாதிரி வேறு யாருக்கும் இவ்வளவு சுலபமாக விளங்காது என்று நினைக்கிறேன்.

கரை என்ற பொருள்தான் ஆங்கிலத்தில் மூத்தது. ஏறக்குறைய 1200-ஆம் ஆண்டை ஒட்டி அது எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பேச்சிலிருந்து வந்தது அது. அவர்கள் அந்தச் சொல்லால் குறித்தது நீரின் ஓரத்தை மட்டுமல்ல. முகடு, மண்ணேற்றம் எல்லாமே அதில் அடக்கம். மலைநாட்டு ஆற்றைப் பார்த்தவருக்கு இது சற்றுப் புதிராக இருக்கும். அங்கே ஆறு பள்ளத்தில் ஓடும், கரை என்பது வெறும் விளிம்பு. டெல்டா ஆறு அப்படியில்லை.

வெள்ளக் காலத்தில் ஆறு விளிம்பைத் தாண்டும்போது நீரின் வேகம் சட்டென்று தணிந்துவிடுகிறது. வேகம் தணிந்ததும் கனமான மணலும் பருமனான வண்டலும் விளிம்பிலேயே விழுந்துவிடும். லேசான களி மட்டும் தூரம் வரை போய்ப் படியும். நூற்றாண்டுக் கணக்கில் இப்படி நடக்க நடக்க, ஆறு தன் இரண்டு பக்கமும் தானே ஒரு மேட்டைக் கட்டிக்கொள்கிறது. பிற்பாடு மனிதர்கள் அதன்மேல் மண் போட்டு உயர்த்துகிறார்கள். அதனால் டெல்டா கிராமத்தில் பெரும்பாலும் ஆற்றங்கரைதான் உயரமான நிலம். சாலை அதன்மேல் போகும். கரையை விட்டு விலக விலக நிலம் தாழ்ந்துகொண்டே போகும். வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிந்து, எந்த இயந்திரமும் இல்லாமல் வயலை நோக்கி ஓடுவது இந்தச் சரிவினால்தான். மேட்டு நாட்டில் ஓடைகள் ஆற்றைத் தேடி வரும். இங்கே ஆறு வாய்க்கால்களாகப் பிரிந்து வயலைத் தேடிப் போகிறது.

இந்த அமைப்புக்கு ஒரு ஆபத்தான பக்கமும் உண்டு. கரை உடைந்தால் வெளியே வந்த தண்ணீர் திரும்ப ஆற்றுக்குள் போக வழியில்லை, ஏனென்றால் நிலம் தாழ்வு. வடிகால் வழியாக மெல்ல மெல்ல வடிய வேண்டும், அதுவரை பயிர் மூழ்கிக் கிடக்கும். 1924-இல் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தின் பேச்சு டெல்டாவில் தலைமுறை தாண்டியும் நிற்பதற்கு இதுதான் காரணம். ‘உடைப்பு’ என்ற ஒரு சொல் போதும், எது உடைந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மணல் மூட்டையையும் சவுக்குக் கம்பையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கரை மண்ணை வெட்டி எடுப்பதும், ஆற்று மணலை அள்ளிக் கரையின் அடிவாரத்தைக் குடைவதும் எவ்வளவு பெரிய கேடு என்பது இந்த மேட்டின் கதையைத் தெரிந்தவருக்குச் சொல்லாமலே புரியும்.

ஆங்கிலம் ‘பேங்க்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் பலவற்றுக்கு டெல்டாத் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. ஆற்றுக்கும் உயர்த்திக் கட்டிய கரைக்கும் நடுவே வாழையும் மூங்கிலும் விளையும் நிலம் படுகை. நடு ஆற்றில் மணல் திரண்டு நிற்பது திட்டு. கொள்ளிடம் கடலைச் சேரும் பகுதியில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் என்று ஊர்கள் இருக்கின்றன. படுகை, மேடு, திட்டு, மணல் எல்லாம் ஊர்ப் பெயரிலேயே வந்துவிட்டன. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்படும் ஆண்டுகளில் செய்தியில் முதலில் அடிபடுவதும் இந்த ஊர்கள்தான்.

இடக்கரை, வலக்கரை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் ‘லெஃப்ட் பேங்க்’. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். பாரிஸில் சேன் ஆற்றின் இடக்கரை என்று ஒரு பகுதியே பேர் பெற்றிருப்பதும் இந்தக் கணக்கில்தான். காவிரி கிழக்கே ஓடுவதால் இடக்கரை என்றால் வடகரை, வலக்கரை என்றால் தென்கரை. நம் முன்னோர் இடம், வலம் பார்க்கவில்லை, திசையைப் பார்த்தார்கள். தேவாரத் தலங்களைப் பிரிக்கும்போது காவிரி வடகரைத் தலங்கள் 63, தென்கரைத் தலங்கள் 127 என்று எண்ணினார்கள். திருவையாறு வடகரை, கும்பகோணம் தென்கரை. பொறியாளர் முறைக்கு ஒரு வசதி இருக்கிறது: ஆறு எத்தனை வளைவு எடுத்தாலும் இடக்கரை இடக்கரையாகவே இருக்கும். ஆனால் கோயிலுக்கு வழி கேட்கிறவருக்கு வடகரை என்று சொன்னால்தான் விளங்கும்.

சரி, மேடு எப்படிப் பணம் ஆனது? நடுவில் ஒரு படி இருக்கிறது. அது உட்காரும் இடம்.

அதே ஜெர்மானிய வேரிலிருந்து பழைய ஆங்கிலத்தில் இன்னொரு சொல் கிளைத்தது. அதுதான் இன்றைய ‘பெஞ்ச்’. மண்ணை நீளவாக்கில் உயர்த்தி, அதையே இருக்கையாகப் பயன்படுத்தியதில் இருந்து இந்தப் பொருள் வந்திருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதைப் புத்தகத்தில் படிக்கும்போது கொஞ்சம் இழுத்துக் கட்டியது போலத் தோன்றலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீட்டின் திண்ணையை நினைத்துக்கொண்டால் அந்தச் சந்தேகம் போய்விடும். திண்ணையும் மண்மேடுதான். வீட்டு வாசலில் மண்ணை உயர்த்தி, பூசி மெழுகினால் அது இருக்கை. அதில் உட்கார்ந்துதான் குத்தகைக் கணக்குப் பார்த்தார்கள், கடன் பத்திரம் எழுதினார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். மேடு, இருக்கை, கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் என்ற மூன்று படியும் ஒரே திண்ணையில் இருக்கின்றன. ஐரோப்பாவில் இந்த மூன்றும் மூன்று நாட்டைச் சுற்றி வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்மானிய இனத்தார் ரோமானியப் பேரரசின் நிலங்களுக்குள் இறங்கியபோது அவர்களுடைய சொற்களும் இறங்கின. இத்தாலிய மொழியில் அந்தச் சொல் ‘பாங்கா’, ‘பாங்கோ’ என்று ஆனது. பொருள் பெஞ்சு, பலகை. இடைக்கால இத்தாலிய நகரங்களில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு நாணயம். வெளியூர் வியாபாரி வந்தால் காசை மாற்றியாக வேண்டும். காசு மாற்றுகிறவர் சந்தையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பலகையின் பெயர் மெல்ல அந்தத் தொழிலுக்கே பெயரானது. அப்புறம் காசு மாற்றுவதோடு நிற்காமல் வைப்பு, கடன், ஓலை அனுப்பிப் பணம் கொடுப்பது என்று தொழில் பெருத்தது. ஜெனோவாவில் புனித ஜார்ஜ் பேங்க் 1407-இல் தொடங்கியது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், பிரெஞ்சு வழியாகவும் இத்தாலி வழியாகவும் பணப் பொருளோடு இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. இங்கிலாந்து பேங்க் 1694-இல் நிறுவப்பட்டது. அப்போது ஆற்றங்கரை ‘பேங்க்’ ஏற்கெனவே ஐந்நூறு ஆண்டுகளாக ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு பேரும் பங்காளிகள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பலகையைச் சொல்லித் தொழிலைக் குறிப்பது கிரேக்கத்திலும் உண்டு. ‘டிராபெஸா’ என்றால் மேசை. ஏதென்ஸில் இன்றைக்கும் பேங்க்கின் பெயர்ப் பலகையில் அதே சொல்தான். பைபிளில் ஏசு கோயிலுக்குள் நுழைந்து காசு மாற்றுகிறவர்களின் மேசைகளைக் கவிழ்க்கும் இடத்தைத் தமிழில் ‘காசுக்காரருடைய பலகைகள்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு இது. ‘பேங்க்’ என்ற சொல்லின் பிறப்பே அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

திவாலுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல்லும் இந்தப் பலகையிலிருந்து வந்ததே. இத்தாலிய மொழியில் ‘பாங்கா ரோட்டா’, உடைந்த பலகை. கடனைத் திருப்ப முடியாதவரின் பலகையைச் சந்தையிலேயே உடைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உடைத்தார்களோ இல்லையோ, சொல் நின்றுவிட்டது. நம் ஊரில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்கிறோம். மரியாதை போனதைச் சொல்ல அங்கே பலகை, இங்கே காகிதம்.

டெல்டாவின் கடற்கரைக்கு இந்தச் சொல் ஆங்கிலேயரோடு மட்டும் வரவில்லை, பல கப்பல்களில் வந்து இறங்கியது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாகப்பட்டினத்தில் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். அவர்கள் மொழியில் ‘பாங்கோ’ என்றால் பெஞ்சு, பேங்க், மணல்திட்டு மூன்றும். 1658-இல் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கைக்குப் போனது, 1781 வரை அவர்களிடம் இருந்தது. டச்சு மொழியில் ‘பாங்க்’ என்றால் சாய்ந்து உட்காரும் சோபாவும் அதுவே, பணம் போடும் இடமும் அதுவே, மணல்திட்டு ‘ஸாண்ட்பாங்க்’. கொஞ்சம் வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். அவர்கள் மொழியில் பெஞ்சுக்கு ஓர் உருவம், மேட்டுக்கு ஓர் உருவம், பணத்துக்கு ஓர் உருவம், மூன்றும் உடன்பிறப்புகள் என்று பார்த்தவுடனே தெரியும். ஆங்கிலம் மட்டும்தான் ‘பெஞ்ச்’, ‘பேங்க்’ என்று உருவத்தை வெகுவாக மாற்றி உறவை மறைத்துவிட்டது. தரங்கம்பாடி கோட்டை வாசலில் நின்ற ஒரு டேனிஷ் சிப்பாயிடம் நம் பள்ளிக்கூடக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவருக்கு அது கேள்வியாகவே பட்டிருக்காது.

அந்தப் போர்த்துக்கீசியச் சொல் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோடியக்கரையிலிருந்து கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கே பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு ‘வாங்கு’ என்று பெயர். ‘பாங்கோ’ அப்படித் தமிழாகியிருக்கிறது. ஆக, ஒரே வேரின் பிள்ளைகள் மூன்று பேர் தமிழுக்குள் வந்திருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் தந்த வாங்கு, ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்த பெஞ்சு, ‘பேங்க்’ என்ற ஒலியை ஒட்டி அமைந்த வங்கி. தமிழில் வங்கி என்று கையில் பூட்டும் நகையும் ஒன்று உண்டு. அது முற்றிலும் வேறு சொல். தற்செயலாக ஒரே உருவம் அமைவதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஆசிரியர்கள் இதைச் சொல்லலாம்.

டெல்டாவில் பண ‘பேங்க்’ தன் சொந்தக் காலில் நின்றது கும்பகோணத்தில். 1904-இல் அங்கே கும்பகோணம் பேங்க் லிமிடெட் பதிவானது. 1965-இல் வேறு இரண்டு வங்கிகள் அதோடு இணைந்தன. 1987-இல் அது சிட்டி யூனியன் பேங்க் என்று பெயர் மாறியது. தலைமை அலுவலகம் இன்றும் கும்பகோணத்தில்தான். நெல் விற்ற பணமும் வெற்றிலை, பாத்திர வியாபாரமும் புழங்கிய ஊருக்கு இது பொருத்தமான விஷயம். அந்தச் சமயத்தில்தான் சென்னையில், 1906-இல், ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி நொடித்துப் போய், போட்டவர்கள் பணம் முழுகியது. ‘உடைந்த பலகை’ என்பதன் முழு அர்த்தத்தையும் சென்னை மாகாணம் அன்று கண்டது. அதன் பின்விளைவாக 1907-இல் இந்தியன் பேங்க் தோன்றியது. அதற்கு முன்நின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர், திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர்.

1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகுதான் பேங்க் கிராமத்துக்குள் பரவலாக வந்தது. இன்றைக்கும் விவசாயிகள் பேச்சில் கூட்டுறவுக் கடன் சங்கம் ‘சொசைட்டி’, மற்றதெல்லாம் ‘பேங்க்’. ‘நகை பேங்க்ல இருக்கு’ என்றால் பத்திரமாக லாக்கரில் இருக்கிறது என்று டெல்டாவில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடகில் இருக்கிறது என்றுதான் பொருள். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி நகை போகும், அறுவடை முடிந்தால் திரும்பும். திருப்ப முடியாமல் போனால் நகை ‘முழுகிப்போச்சு’. கடனில் ‘தத்தளிக்கிறோம்’. எப்படியாவது ‘கரையேறணும்’. பணத்தைப் பற்றிப் பேசும்போது நம் மக்கள் வாயில் வருவதெல்லாம் ஆற்றுச் சொற்கள். ஆங்கிலத்தில் கரையும் வங்கியும் வேரில் சேர்ந்தன என்றால், தமிழில் பேச்சில் சேர்ந்திருக்கின்றன. இதற்கு எந்த அகராதி உறவும் கிடையாது. ஆறு வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் ஊரில் கடனும் வெள்ளமாகத்தான் தெரிகிறது.

கரை என்ற சொல்லுக்கே இங்கே இன்னொரு பொருளாதார வாழ்க்கையும் இருந்தது. தஞ்சை மிராசு கிராமங்களில் பொது நிலத்தைப் பங்குதாரர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றிப் பகிர்ந்துகொள்ளும் முறைக்குக் கரையீடு என்று பெயர். நல்ல நிலமும் மோசமான நிலமும் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றி வரும். வேட்டியின் கரையும் உண்டு. காக்கை கரைவதும் உப்புக் கரைவதும் வேறு கணக்கு.

‘பேங்க்’ குடும்பத்தின் மற்ற உறவினர்களையும் பார்த்துவிடலாம். பெரிய விருந்தைக் குறிக்கும் ‘பேங்க்வெட்’ என்பதற்கு அடிப்படை இத்தாலிய மொழியில் சின்னப் பெஞ்சு. நாம் விருந்தைப் ‘பந்தி’ என்கிறோம், அது வரிசை. உட்காரும் விதமே சாப்பாட்டுக்குப் பெயராகிவிட்டது, இரண்டு இடத்திலும். நீதிபதி உட்காரும் இருக்கை நீதிமன்றத்துக்கே பெயராகி, ‘மதுரை பெஞ்ச்’ என்கிறோம். தஞ்சாவூர்க்காரர் வழக்குக்கு அந்தப் பெஞ்சுக்குப் போகிறார், திருவாரூர்க்காரர் சென்னைக்குப் போகிறார். பழைய போர்க்கப்பல்களில் துடுப்பு வலிப்பவர்களின் இருக்கை வரிசையும் ‘பேங்க்’. அதிலிருந்துதான் சாவிகளோ விளக்குகளோ வரிசையாக இருந்தால் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவது மேட்டின் சரிவிலிருந்து வந்த பொருள். அடுப்பில் தணலைச் சாம்பலால் குவித்து மூடுவதற்கும் அதே சொல். அங்கே சாம்பல்தான் மேடு.

சேமித்து வைக்கும் இடம் என்ற பொருள் பணத்தை விட்டு வெளியே வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1937-இல் சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபான்டஸ் என்ற மருத்துவர் ரத்தத்தைச் சேமித்து வைக்கும் பிரிவைத் தொடங்கி, அதற்கு ரத்த பேங்க் என்று பெயரிட்டார். போடுகிறவர் போட, தேவைப்படுகிறவர் எடுக்க என்ற கருத்து ஒரே சொல்லில் எல்லோருக்கும் புரிந்தது. அதன் பிறகு கண், பால், தரவு என்று எதை வேண்டுமானாலும் அந்தச் சொல்லோடு சேர்க்க முடிந்தது.

டெல்டாவில் இந்தப் பொருள் மண்ணோடு சேர்ந்தது பாரம்பரிய நெல்லில். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் நெல் ஜெயராமன், இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரின் தூண்டுதலில், மறைந்துகொண்டிருந்த நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2018-இல் அவர் மறைவதற்குள் 160-க்கும் மேற்பட்ட ரகங்கள் திரும்ப வயலுக்கு வந்திருந்தன. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் எல்லாம் அதில் உண்டு. ஆண்டுதோறும் நடந்த நெல் திருவிழாவில் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார்கள், பணம் வாங்க மாட்டார்கள். அவர் விளைவித்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். அந்த நான்கு கிலோ வேறு இரண்டு விவசாயிக்குப் போகும். வட்டி உண்டு, தவணை உண்டு, இருப்பு உண்டு. ஒரே ஒரு வித்தியாசம், இந்த வங்கியில் இருப்பைப் பூட்டி வைத்தால் அது செத்துவிடும். விதைநெல் பத்தாயத்தில் கிடக்கக் கிடக்க முளைப்புத் திறனை இழக்கும். அதனால் ஒவ்வொரு ரகத்தையும் யாராவது ஒருவர் தன் வயலில் ஒரு பகுதியிலாவது மறுபடி மறுபடி விதைத்து அறுக்க வேண்டியிருக்கிறது.